முதல் பெயரும் கடைசிப் பெயரும்

தென்னக நோயெதிர்ப்பு ஆய்வு நிலையத்தில் ஓர் எலி செத்தால்கூட அதில் இயக்குநர் டாக்டர் குமாரவடிவேலின் பங்கு இருக்கும். அவர் எலியைத் தொட்டிருக்க மாட்டார், பார்த்திருக்கவும் மாட்டார். ஆனால் எலி செத்த விவரம் ஆய்வுக் கட்டுரையாக வெளிவரும்போது முதல் பெயர் அவருடையது. கடைசிப் பெயருக்கும் மதிப்பு உண்டு என்பதால் அதுவும் தனக்கே வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஒரே ஆளை இரண்டு இடத்தில் போட முடியாது என்று வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் கடைசி இடத்தைத் தன் மருமகனுக்குக் கொடுத்து வைத்திருந்தார். மருமகன் கட்டடப் பொறியாளர்.

செண்பகவல்லி அங்கே இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். கோவில்பட்டிக்காரி. ஒரு செல் இன்னொரு செல்லை எப்படி அடையாளம் கண்டுகொள்கிறது என்பதிலேயே டாக்டர் பட்டம் வாங்கி, வெளிநாட்டில் மூன்று வருடம் அதையே தோண்டித் துருவிவிட்டு ஊர் திரும்பியவள். கட்டுரைகளில் அவள் பெயர் நடுவில் எங்கோ வரும். பந்தியில் நடுவில் மாட்டிக்கொண்டவனுக்கு இந்தப் பக்கத்துச் சாம்பாரும் வராது, அந்தப் பக்கத்து ரசமும் வராது. அப்படித்தான் அவளுக்கு விருதும் வரவில்லை, பதவி உயர்வும் வரவில்லை. கோபம் வரும். கோபத்தைக் காட்டினால் புது மைக்ராஸ்கோப்புக்கு அனுமதி வராது. ஆகவே கோபத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பாத்திரங்களிடம் காட்டுவாள்.

வேலைக்குச் சேர்ந்த ஏழெட்டு வருடத்தில், அவள் வாழ்க்கையிலேயே நல்ல யோசனை என்று ஒன்று உதித்தபோது, அதை முதலில் கேட்டவன் அவள் கணவன் ஜெயசீலன். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுப்பவன். ஞாயிற்றுக்கிழமைக் காலை, தட்டில் இட்லி இருந்தது.

"நம்ம அபார்ட்மென்ட் வாட்ச்மேன் இருக்கார்ல, அவர் மாதிரிதான் ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணு," என்றாள் செண்பகவல்லி. "யாரு குடித்தனக்காரங்க, யாரு திருடன்னு முகத்தைப் பாத்துக் கண்டுபிடிக்கணும். சில பேர் உடம்புல அவருக்குக் குழப்பம் வந்துடுது. குடித்தனக்காரங்களையே அடிக்கிறார். மூட்டுல அடிச்சா வாதம். கணையத்துல அடிச்சா சின்னப் பிள்ளைக்கே சர்க்கரை."

"ஆளை மாத்திட வேண்டியதுதானே?"

"புதுசா வர்றவரும் அதையேதான் பண்ணுவார். உக்கார வச்சு சொல்லிக் குடுக்கணும். அதுக்குத்தான் நான் வாத்தியார் செல்னு ஒண்ணு யோசிச்சிருக்கேன். ஒருத்தரோட ரத்தத்துல இருந்து செல்லை எடுத்து, லேப்ல பக்குவப்படுத்தி, கோடிக்கணக்குல வளர்த்து, எல்லாருக்கும் ஊசியாப் போட்டுடறது. அது உள்ள போய் உக்காந்துக்கிட்டு, இவங்க நம்ம ஆளு, அடிக்காதேன்னு சாகுற வரைக்கும் சொல்லிக் குடுத்துக்கிட்டே இருக்கும்."

"வாத்தியாரே வெளியாள்தானே. அவரை அடிக்க மாட்டாங்களா?"

"முதல் பாடமே அதுதான். என் முகத்தை நல்லாப் பாத்துக்கோ, நானும் இந்த வீட்டு ஆளுதான்னு சொல்லிக் குடுத்துடும். அதுக்கப்புறம்தான் மத்த பாடம்."

ஜெயசீலன் சட்னியைத் தொட்டுக்கொண்டே கேட்டான்: "அப்ப அதே முகத்தோட வேற எது உள்ள வந்தாலும் வாட்ச்மேன் சல்யூட் அடிப்பாரே?"

பௌதிக வாத்தியாருக்கு உயிரியல் என்ன தெரியும் என்று அவள் அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு இன்னும் இரண்டு இட்லி வைத்தாள். அந்தக் கேள்வியை அன்றைக்கே உட்கார்ந்து யோசித்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

வாத்தியார் செல்லுக்கு யாருடைய ரத்தம் என்ற கேள்வி இயக்குநர் முன்னால் வந்தபோது அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நாளைக்கு மாநிலம் முழுவதும் போட்டுக்கொள்ளப் போகிற ஊசி. அதற்குள் வேறு எவனோ இருப்பதா? "என் ரத்தத்தையே தர்றேன்" என்றார். சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ரத்தம் எடுப்பது அந்தத் துறையில் ஒரு விஷயமே இல்லை. சோதனைக்கு ரத்தம் வேண்டுமென்றால் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்து, "கொஞ்சம் கையை நீட்டுங்க" என்பார்கள். டீ வாங்கிக் கொடுப்பது மாதிரி முறை வைத்துக் கொடுத்துக்கொள்வார்கள். இயக்குநர் கையை நீட்டுவது என்றால் அது விழா. பந்தல் போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, மேடையில் வைத்து எடுத்தார்கள். உறையாமல் இருக்க மருந்து தடவிய குழாயைச் செண்பகவல்லி எடுத்து வைத்திருந்தாள். அதன் ஊதா மூடி படத்தில் எடுபடவில்லை என்று புகைப்படக்காரர் சிவப்பு மூடி போட்ட வெறும் குழாயைக் கொடுத்துவிட்டார். ரத்தத்தை வெள்ளித் தட்டில், ரோஜாப்பூ பக்கத்தில், மின்விளக்குகளுக்கு நேர் கீழே வைத்தார்கள். பிறகு வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, பொன்னாடைகள், நன்றியுரை. நாட்டுப்பண் முடிந்து அந்தக் குழாய் செண்பகவல்லி கைக்கு வந்தபோது உள்ளே இருந்தது ரத்தம் இல்லை. கெட்டிப் புளிக்கரைசல்.

அவள் இயக்குநர் அறைக்கு ஓடினாள்.

"சார், காலையில எடுத்த ரத்தம்..."

"ஏம்மா," என்றார் அவர், பொன்னாடைகளை மடித்துக்கொண்டே. "எத்தனை தடவை சொல்லியிருக்கேன். எங்கிட்ட பிரச்சினையோட வராதே. தீர்வோட வா."

தீர்வு அவள் நரம்பிலேயே ஓடிக்கொண்டிருந்தது. சோதனைக்கூடத்துக்குத் திரும்பி, ரப்பர் பட்டையின் ஒரு நுனியைப் பல்லால் கடித்து இழுத்துக் கட்டி, தன் இடது கையிலிருந்து தானே எடுத்துக்கொண்டாள். லேபிள் ஏற்கெனவே அச்சடித்து வந்திருந்தது: கே.வி.-1. குமாரவடிவேலின் முதல் செல். அதை எடுத்து ஒட்டினாள். மோசடி செய்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்த நிலையத்தில் எல்லா வேலையும் அப்படித்தான் நடந்தது. உள்ளே இருப்பது யாருடையதோ, மேலே ஒட்டியிருப்பது சாருடைய பெயர்.

செல்கள் ஜம்மென்று வளர்ந்தன. கட்டுரை வெளிவந்தது. அதில் இருபத்து மூன்று பேருடைய பெயர் இருந்தது. முதலில் சார், கடைசியில் மருமகன். நடுவில் நிதி ஒதுக்கிய அதிகாரியின் தம்பி, கட்டடத் திறப்பு விழாவுக்கு வந்துபோன ஒரு துணைவேந்தர், இன்னும் யார் யாரோ. செண்பகவல்லியின் பெயர் மட்டும் இல்லை.

"பேர் ரொம்பக் கூடிப்போச்சும்மா," என்றார் இயக்குநர். "நீ நம்ம வீட்டுப் பொண்ணு. அடுத்ததுல உன்னை எங்கேயோ கொண்டுபோய் வைக்கிறேன் பாரு."

கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லும் பத்தியில் அவள் இருந்தாள். ஜெனரேட்டர் ஓட்டியவருக்கும் கேன்டீனுக்கும் நடுவில். அன்று மாலை வீட்டில் ஒரு குக்கர் மூடி நெளிந்தது.

ஊசி சாதித்துவிட்டது, அதில் சந்தேகமே இல்லை. 'அமைதி ஊசி' என்று பெயர் வைத்தார்கள். பள்ளிக்கூடங்களில் வரிசையாக நிற்க வைத்துப் போட்டார்கள், பெரியவர்கள் தாமாக வந்து போட்டுக்கொண்டார்கள். இளைப்பு நோய் போயிற்று. கத்தரிக்காய் தின்றால் உடம்பெல்லாம் தடித்தவர்கள் கத்தரிக்காய் தின்றார்கள். விரல் மடங்காத அம்மாக்கள் மறுபடியும் பூத்தொடுத்தார்கள். செண்பகவல்லி பேருந்தில் போகும்போது இவர்களையெல்லாம் பார்ப்பாள். சந்தோஷமாக இருக்கும். இவர்களில் யாருக்கும் என்னைத் தெரியாது என்று நினைத்தால் ஆத்திரம் வரும். இரண்டும் ஒரே நிறுத்தத்துக்குள் நடக்கும்.

ஜெயசீலன் என்றோ கேட்ட கேள்வியை, அவன் யாரென்றே தெரியாமல், டாக்டர் ஷமீமா பல வருடம் கழித்துக் கேட்டாள். அரசு மருத்துவமனையில் தீக்காயப் பிரிவின் தலைமை அறுவை மருத்துவர். ஒருவர் தோலை இன்னொருவர் உடம்பு ஏற்காமல் உதறித் தள்ளுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவள். ஊசி போட்டுக்கொண்டவர்களின் ரத்தத்தைக் கே.வி.-1 செல்லோடு கலந்து பார்த்தாள். ஒருவர் ரத்தம்கூடச் சண்டைக்கு வரவில்லை. அதாவது, அந்தச் செல்லுக்குச் சொந்தக்காரர் யாரோ, அவருடைய தோல், சிறுநீரகம், கல்லீரல் எதை எடுத்து வைத்தாலும் ஊசி போட்டுக்கொண்ட ஏழு கோடிப் பேரின் உடம்பும் வாய் பேசாமல் ஏற்றுக்கொள்ளும். செல்லையே சிறுநீரகமாக வளர்த்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்டார்கள். முடியாது. வாத்தியாராக மாற்றிய செல் வாத்தியாராகத்தான் இருக்கும். ஆள்தான் வேண்டும்.

செய்தி வந்த அன்று இயக்குநர் குமாரவடிவேலுக்குத் தலைகால் புரியவில்லை. நகரம் முழுக்கச் சுவரொட்டி. 'எங்கள் உடலில் கலந்த உத்தமரே' என்று ஒன்று. 'ஏழு கோடி உடல், ஒரே உறவு' என்று இன்னொன்று. ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், "உங்க ஒவ்வொருத்தருக்குள்ளயும் நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

செண்பகவல்லி தொலைக்காட்சியை அணைத்தாள். ஜெயசீலனுக்கு விஷயம் தெரியும். "இப்பவாவது சொல்லேன். உன் ரத்தம்னு," என்றான்.

"சொன்னா?"

ஜெயசீலன் எழுந்து போய் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தான்.

ஓர் அமைச்சருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. எந்தத் துறை என்பது கதைக்கு வேண்டாம். ஒரு நாள் அவருடைய உதவியாளர் பழக்கூடையோடு இயக்குநர் வீட்டுக்கு வந்தார்.

"அய்யா நல்லா இருக்கணும்னு அமைச்சர் தினமும் வேண்டிக்கிறாரு," என்றார் உதவியாளர். "அய்யாவோட ரெண்டு கிட்னியும் நல்லா இருக்கணும்னு தனியாவே வேண்டிக்கிறாரு. ஒண்ணு போதும்ங்கய்யா. இன்னொண்ணை அய்யாவே வச்சுக்கலாம். இப்போதைக்கு."

"இப்போதைக்குன்னா?"

"கட்சியில வேற பெரியவங்களும் இருக்காங்கல்ல. அப்புறம் கல்லீரல் வெட்ட வெட்ட வளருமாமே அய்யா. டாக்டர் சொன்னாரு. கேட்டதும் அமைச்சர் கண்கலங்கிட்டாரு, இயற்கையே அய்யாவைத் தியாகத்துக்குன்னு படைச்சிருக்குன்னு."

மறுநாள் காலை, இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக, இயக்குநர் செண்பகவல்லியின் சோதனைக்கூடத்துக்கு வந்தார். வழி தெரியாமல் முதலில் எலிக்கூண்டு அறைக்குப் போய்விட்டு வந்தார். முக்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எப்படி இருக்கீங்கம்மா," என்றார்.

அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். வேறு யாரும் இல்லை. 'நீங்க' என்றது அவளைத்தான்.

"ராத்திரி பூரா தூக்கமே இல்ல. மனசாட்சி உறுத்துது. வாத்தியார் செல் யாரோட யோசனை? உங்களோடது. உழைப்பு யாரோடது? உங்களோடது. நான் என்ன செஞ்சேன்? ஒண்ணுமே செய்யல."

இதைக் கேட்பதற்காகத்தான் செண்பகவல்லி இருபத்திரண்டு வருடம் காத்திருந்தாள். கேட்கும்போது எப்படி இருக்கும் என்று குளிக்கும்போதெல்லாம் ஒத்திகை பார்த்திருக்கிறாள். இப்போது காது குளிரத்தான் செய்தது. அதற்கு அவள் வெட்கப்பட்டாள்.

"அதனால ஒரு முடிவுக்கு வந்துட்டேன்," என்றார் அவர். "கட்டுரையைத் திருத்திடலாம். உங்க பேர் முதல்ல. மருமகன் பேரை எடுத்துட்டு கடைசியிலயும் வேணும்னா உங்க பேரையே கேட்டுப் பாக்கலாம். விருதையெல்லாம் திருப்பிக் குடுத்துடறேன். என் இயக்குநர் நாற்காலியிலயும் நீங்கதான் உக்காரணும். நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"என்ன வார்த்தை சார்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்த ரத்தம் உங்களோடதுன்னு."

செண்பகவல்லி கையிலிருந்த கண்ணாடித் தட்டை மேசையில் வைத்தாள். தெரிந்துவிட்டதா? அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். இல்லை. ஒன்றும் தெரியாது. மனிதர் உண்மையைப் பொய் என்று நினைத்துக்கொண்டு, அந்தப் பொய்யைச் சொல்லச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருக்கிறார்.

"பொய் சொல்லச் சொல்றீங்களா சார்?"

"பொய்னு ஏன் சொல்றீங்க. நம்ம துறையில இதுக்குப் பேரு திருத்தம்."

ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் நாளைக் காலை எல்லாப் பேப்பரிலும் அவள் பெயர், அவள் படம், கோவில்பட்டியில் அவள் படித்த பள்ளிக்கூடம். நாளை மாலை வாசலில் பழக்கூடை. மறுநாள் வேறு பழக்கூடை. அவளுக்கு இருப்பது இரண்டு சிறுநீரகம், ஒரு கல்லீரல், ஒரு ஆள் அளவுக்குத் தோல். கேட்கப்போகிறவர்கள் ஏழு கோடி. கேட்பவர்களில் அமைச்சர்கள் மட்டும் இருந்தால் முகத்தில் அடித்த மாதிரி முடியாது என்று சொல்லிவிடலாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவளிடம் என்ன சொல்வது? அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்துக்கு நடுவிலும் அந்த முதல் பெயர் ஆசை காட்டிக்கொண்டே இருந்தது.

கடைசியில் பணிவாக, இத்தனை வருடமும் பேசிய அதே குரலில் சொன்னாள்: "உங்க பேர் இருக்கிற இடத்துல என் பேரைப் போட எனக்கு மனசு வரல சார்."

"மனசைத் தேத்திக்கம்மா."

"முடியல சார். அவ்வளவு மரியாதை."

அன்று மதியமே இயக்குநருக்கு நெஞ்சுவலி வந்தது. நம் ஊரில் பெரிய மனிதர்களுக்கு எந்த நேரத்தில் வர வேண்டுமோ அந்த நேரத்தில் வரும் நெஞ்சுவலி. தனியார் மருத்துவமனையில் படுத்துக்கொண்டார். அமைச்சரின் ஆட்கள் அங்கேயும் பழக்கூடையோடு வந்தார்கள். எதற்கும் முதலில் ஒரு பொருத்தம் பார்த்துவிடலாம் என்று ரத்தம் எடுத்தார்கள். இந்தத் தடவை குழாய் ஊதா மூடி.

பொருந்தவில்லை. அமைச்சரின் ரத்தம் இயக்குநரின் செல்லைக் கண்டதும் அடித்து நொறுக்கியது. எதிர்க்கட்சிக்காரரைக் கண்டால்கூட அப்படிச் செய்திருக்காது. கே.வி.-1 குமாரவடிவேலே இல்லை.

மாட்டிக்கொண்ட மோசடிக்காரர் ஒருவர் இத்தனை ஆனந்தப்பட்டு உலகம் பார்த்திருக்காது. நெஞ்சுவலி நின்றுவிட்டது. நிருபர்களைத் தானே கூப்பிட்டு, "நான் ஒரு போலி. எனக்கும் இந்தக் கண்டுபிடிப்புக்கும் சம்பந்தமே கிடையாது" என்று மலர்ந்த முகத்தோடு அறிவித்தார். அப்படியே பதவி விலகல் கடிதத்தையும் கொடுத்தார். பணிவைப் பாராட்டி அரசு அதை ஏற்க மறுத்துவிட்டது.

உண்மையான ஆளைக் கண்டுபிடிக்க விசாரணைக் குழு வந்தது. கட்டுரையில் பெயர் இருந்தவர்களைத்தானே முதலில் கேட்க வேண்டும்? இருபத்து மூன்று பேரையும் வரிசையாகக் கூப்பிட்டார்கள். பெயர் போடச் சொல்லி ஒரு காலத்தில் ஆள் விட்டுச் சிபாரிசு பிடித்தவர்கள் எல்லாரும், தாங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று நிரூபிக்கப் படாதபாடு பட்டார்கள்.

"செல்லுன்னா எனக்கு செல்போன்தாங்க தெரியும்," என்றார் அதிகாரியின் தம்பி. துணைவேந்தர், தான் அந்தக் கட்டுரையைப் படித்தது கிடையாது என்றும், படித்திருந்தாலும் புரிந்திருக்காது என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மருமகன் ஒரு படி மேலே போனார். "சோதனைக்கூடம் எந்த மாடின்னே தெரியாது சார். அந்தக் கட்டடத்தையே நான்தான் கட்டினேன், அப்பவும் தெரியாது." அவர் சொன்னது எல்லாமே உண்மையாக இருந்ததுதான் குழுவுக்கு ஆச்சரியம். எல்லார் ரத்தமும் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் பொருந்தவில்லை.

குழுவுக்குப் புரொஜெக்டரை இணைத்துக் கொடுத்தது செண்பகவல்லி. வேலை செய்யாத மைக்கைத் தட்டிச் சரி செய்ததும் அவள்தான். அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பட்டியலில் அவள் பெயர் இல்லையே. வாழ்நாள் முழுக்க அவளை அரித்த அந்த விடுபட்ட பெயர் இப்போது கவசம் போல அவளைக் காத்துக்கொண்டிருந்தது. செல் எங்கிருந்தோ கலந்துவிட்டது, ஆள் யாரென்று தெரியாது, அநேகமாக வெளிநாடு என்று குழு எழுதி முடித்தது. செண்பகவல்லி வெளியே வந்து ஒரு இளநீர் குடித்தாள். நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்த நிம்மதிக்கு ஆயுள் கொஞ்சம்தான். ஷமீமா தொலைபேசியில் அழைத்தாள்.

"நீங்க அந்த லேப்ல ஆரம்பத்துல இருந்து இருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். அது யார் ரத்தம்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா மேடம்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"சரி. சாத்தூர் பக்கத்துல இருந்து ஒரு பொண்ணு வந்திருக்கா. பொன்மாரி. ஒன்பது வயசு. வீட்டை ஒட்டி, பட்டாசு அடுக்கி வச்சிருந்த கிட்டங்கி வெடிச்சு, முதுகும் காலும் வெந்துபோச்சு. அவ உடம்புல எடுத்து ஒட்ட நல்ல தோல் மிச்சமில்ல. இறந்தவங்க தோலை வச்சுப் பாத்தோம், உரிஞ்சுட்டு வருது. மூடலைன்னா இந்த வாரம் தாங்க மாட்டா. அதான் எல்லாரையும் கேட்டுக்கிட்டிருக்கேன்." ஷமீமா கடைசியாக, "ஊசி போட்டிருக்கா" என்றாள்.

செண்பகவல்லி போக வேண்டாம் என்றுதான் நினைத்தாள். பார்த்துவிட்டு மட்டும் வந்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள். தீக்காயப் பிரிவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழந்தை குப்புறப் படுத்திருந்தது. இந்தப் பக்கம் அதன் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"எக்கா, நீங்களும் டாக்டரா?" என்றாள் அந்த அம்மா.

"ஆராய்ச்சி பண்றவ. எனக்குக் கோவில்பட்டிதான்."

"அப்படியா. நம்ம பக்கம்." அவள் முகம் ஒரு கணம் தெளிந்தது. "இவளுக்கு முன்னால வீசிங் இருந்துச்சுக்கா. ராத்திரியெல்லாம் மடியில வச்சுக்கிட்டே உக்காந்திருப்பேன். அந்த ஊசியைப் போட்டப்புறந்தான் ஓடியாடுனா. அதைக் கண்டுபிடிச்ச மகராசன் நல்லா இருக்கணும்னு விளக்குப் போடுவேன். அவரு படத்தைக்கூட வச்சிருந்தேன். இப்ப அவரு இல்லேங்காக. யாரா இருந்தா என்னக்கா. நல்லா இருக்கட்டும்."

செண்பகவல்லிக்கு அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. அழுகை வந்தது. நடைபாதைக் கோடியில் இருந்த கழிவறையில் அழுது முடித்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, ஷமீமாவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். இடது கையை நீட்டினாள்.

"ஊதா மூடி போட்ட குழாய்ல எடுங்க," என்றாள்.

ஷமீமா அவளை ஒரு பார்வை பார்த்தாள். எடுத்தாள். பொன்மாரியின் ரத்தத்தோடு வைத்துப் பார்த்தாள். சண்டை இல்லை. பிறகு தன் ரத்தத்தையே எடுத்து வைத்துப் பார்த்தாள். அதுவும் சும்மா இருந்தது. கண்ணை மைக்ராஸ்கோப்பிலிருந்து எடுக்காமலே ஷமீமா சொன்னாள்: "அப்ப நீங்கதான் எனக்குள்ளயும் உக்காந்திருக்கீங்க."

"வெளியே தெரிஞ்சா நான் உயிரோட இருந்து பிரயோஜனம் இல்ல டாக்டர்."

"என் வாயிலிருந்து வராது."

இரண்டு தொடையிலிருந்தும் முதுகிலிருந்தும் மெல்லிய தோலாகச் சீவி எடுத்தார்கள். எடுத்த இடம் ஆறிவிடும், மறுபடி வளர்ந்துவிடும். ஆனால் எரியும். மிளகாய்த்தூள் கொட்டின மாதிரி எரியும். செண்பகவல்லி குப்புறப் படுத்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். ஜெயசீலன் விடுப்புப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து விசிறினான். இட்லி தின்றபோது கேட்ட அந்தக் கேள்வியைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்காகவே அவனுக்குக் கோயில் கட்டலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

தோல் பிடித்துக்கொண்டது. ஒரு ஓரம்கூட உரியவில்லை. பொன்மாரி உப்புமா வேண்டாம், பரோட்டாதான் வேண்டும் என்று அடம்பிடிக்க ஆரம்பித்த அன்று, ஷமீமா கணினியோடு செண்பகவல்லியின் கட்டிலுக்கு வந்தாள். பொன்மாரி நொண்டாமல் நடந்தே வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டு, தயங்கினாள்.

"ஒரே ஒரு சிக்கல். தோல் குடுத்தவங்க பேரைப் போடாம இந்தக் கம்ப்யூட்டர் கேஸை மூட விடமாட்டேங்குது. வெறுமனே விட்டுப் பாத்துட்டேன். கோடு போட்டுப் பாத்துட்டேன். பேர் கொண்டான்னு நிக்குது."

ஷமீமாவின் விரல்கள் எழுத்துப் பலகை மேல் காத்திருந்தன. திரையில் ஒரு காலிக் கட்டம் மினுக்கிக்கொண்டிருந்தது. செண்பகவல்லி அதையே பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்தில் ஒருவர்கூட இப்படி ஒரு காலி இடத்தைக் காட்டி, உன் பெயரைச் சொல் என்று கேட்டதே இல்லை. இப்போதுதான் கேட்கிறார்கள். உதடுவரை வந்த பெயரை விழுங்கினாள். கொஞ்சம் வலித்தது.

"இதை யாரெல்லாம் பாப்பாங்க?"

"மேல போகும். அமைச்சர் ஆபீஸ்ல தினம் பாக்குறாங்க. யாராவது யாருக்காவது குடுத்து ஒட்டிக்கிச்சா, அது யாருன்னு. அவருக்கு இன்னும் டயாலிசிஸ்தான் ஓடிக்கிட்டிருக்கு. ஏதோ ஒரு பேரைப் போட்டுட்டா, நாளைக்கு அந்த ஆள் வாசல்ல போய் நிப்பாங்க."

"ஏற்கெனவே ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பொருந்தலைன்னு சொன்ன ஆளா இருந்தா?"

"டெஸ்ட் தப்புன்னு சொல்லுவாங்க. தோல் ஒட்டிக்கிட்டதைக் கண்ணால பாத்தப்புறம் டெஸ்ட்டை யாரு நம்புவா? திரும்பத் திரும்ப ரத்தம் எடுப்பாங்க. ஊசியால குத்துறதைத் தவிர வேற ஒண்ணும் ஆகாது, பொருந்தாததை எந்த டாக்டரும் வெட்ட மாட்டான். ஆனா பழக்கூடை நிக்காது."

செண்பகவல்லி மெல்ல ஒருக்களித்துப் படுத்தாள். தொடை எரிந்தது. முகத்தில் பல வருடமாக இல்லாத ஒரு களை வந்திருந்தது.

"அப்ப டாக்டர் குமாரவடிவேல்னு போடுங்க," என்றாள். "எங்க இன்ஸ்டிட்யூட்ல அதுதான் வழக்கம்."

ஷமீமா சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டினாள். "இது முழுப்பேர் கேக்குது. முதல் பேர்னு ஒரு கட்டம், கடைசிப் பேர்னு ஒரு கட்டம். அவருக்குக் கடைசிப் பேர் என்ன?"

"ரெண்டுலயும் அவரையே போட்டுடுங்க," என்றாள் செண்பகவல்லி. "சாருக்கு அது ரொம்ப நாள் ஆசை."